மோட் ஆடம்ஸ்: 1918க்குப் பிறகு அவர் என்ன செய்தார்?

வாசகர் கேள்வி, 3 ஜூன்

“நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மேடையில் அதிகம் சம்பாதித்த நடிகை மோட் ஆடம்ஸ் என்கிறார்கள். இன்று அந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. தயாரிப்பாளர் சார்லஸ் ஃப்ரோமன் ஆட்டிவைத்த பொம்மைதானே அவர்? 1915இல் ஃப்ரோமன் லூசிடானியா கப்பலோடு மூழ்கினார். மூன்று ஆண்டுகளில் இவரும் மேடையை விட்டுக் காணாமல் போனார். இதில் பேச என்ன இருக்கிறது?”

3 ஜூன், இரவு

நிறைய இருக்கிறது. பொம்மை என்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

ஃப்ரோமனிடம் அவர் வந்து சேர்ந்தது 1890இல். அதற்குள் அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் மேடைப் பழக்கம் இருந்தது. 1872 நவம்பர் 11 அன்று சால்ட் லேக் சிட்டியில் பிறந்தவர். தாய் ஆனி ஆடம்ஸ், மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பெண், அந்த ஊர் நாடகக் குழுவின் நடிகை. மோட் முதன்முதலில் மேடை ஏறியதே கைக்குழந்தையாக இருந்தபோதுதான். ஐந்து வயதில் சான் பிரான்சிஸ்கோவில் வசனம் பேசி நடித்தார். தந்தை ஜேம்ஸ் கிஸ்காடன் 1883இல் இறந்தார். அதன் பிறகு தாயும் மகளும் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போன குழுக்களில் கிடைத்த வேடமெல்லாம் போட்டார்கள்.

நியூயார்க்கில் சார்லஸ் ஹாய்ட் என்ற நாடகாசிரியர் அவருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் தர முன்வந்தார். அதை மறுத்துவிட்டு, பணம் குறைவாக இருந்தாலும் ஃப்ரோமனிடம் போனார். இந்த முடிவை எடுத்தவர் அவர்தான். வேறு யாரும் நூல் கட்டி இழுக்கவில்லை.

4 ஜூன்

நேற்று அவசரத்தில் விட்டது. 1892இல் ஜான் ட்ரூவோடு சேர்ந்து நடித்த நாடகத்தில் அவருக்கு ஒரு காட்சி வந்தது. கௌரவமான வீட்டு மனைவி, கணவனுக்குப் பாடம் புகட்டக் குடித்தவள்போல் நடிக்க வேண்டும். கொஞ்சம் மிகையாகப் போனால் ஆபாசம், கொஞ்சம் குறைந்தால் உப்புச் சப்பில்லை. அந்தக் கயிற்றின் மேல் நடந்து காட்டினார். ட்ரூவைப் பார்க்க வந்த கூட்டம் ஆடம்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டு வீடு திரும்பியது.

ஜே.எம். பாரி அவரை மேடையில் பார்த்தது 1896இல். தன் ‘லிட்டில் மினிஸ்டர்’ நாவலை எப்படி நாடகமாக்குவது என்று தவித்துக்கொண்டிருந்த பாரிக்கு, இவரைப் பார்த்ததும் பாபி என்ற பெண் பாத்திரத்தைப் பெரிதாக்கினால் நாடகம் எழுந்து நிற்கும் என்று புரிந்தது. 1897இல் எம்பயர் அரங்கில் தொடங்கி நியூயார்க்கில் 300 முறை நடந்தது. அதன் பிறகு பாரியின் பெண் பாத்திரங்கள் பல அமெரிக்காவுக்கு ஆடம்ஸின் குரலோடுதான் வந்தன.

எல்லாம் வெற்றி இல்லை. 1899இல் ஜூலியட்டாக நடித்தபோது விமர்சகர்கள் கடுமையாகவே எழுதினார்கள். அடுத்த ஆண்டே பிரெஞ்சு நாடகாசிரியர் ரோஸ்டாண்டின் ‘லெக்லோன்’ நாடகத்தில் நெப்போலியனின் மகனாக வந்தார். அதே வேடத்தைப் பாரிஸில் போட்டுப் புகழ் பெற்றிருந்த சாரா பெர்னார்ட், சில வாரங்களில் நியூயார்க்குக்கே வந்து பிரெஞ்சில் நடித்தார். உலகின் மிகப் பெரிய நடிகை பக்கத்துத் தெருவுக்கு வரப்போகிறார் என்று தெரிந்தும் அதே வேடத்தைக் கட்டிய துணிச்சல் பொம்மைக்கு வராது.

7 ஜூன்

இனி எனக்கு நெருக்கமான பகுதி.

நான் சிறு நாடகக் குழுக்களுக்கு ஒளியமைப்பு செய்கிறவன். பிழைப்புக்கு வேறு வேலை, மனத்துக்கு இந்த வேலை. ஆடம்ஸ் பெயரை நடிப்பு வரலாற்றில் தெரிந்துகொள்ளவில்லை, மேடை விளக்குகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்டேன். அதனால் என் பார்வை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கலாம். சாய்ந்தே இருக்கட்டும்.

பாரி எழுதிய ‘பீட்டர் பான்’ நாடகம் 1905 நவம்பர் 6 அன்று எம்பயர் அரங்கில் தொடங்கியது. அவருக்கு 33 வயது ஆக ஐந்து நாள் பாக்கி. வளர மறுக்கும் சிறுவனாகக் கம்பியில் பறந்தார். முதல் ஓட்டத்தில் மட்டும் 223 காட்சிகள். பிறகு ஆண்டுக்கணக்கில் நாடெங்கும் சுற்றுப்பயணம். இதையெல்லாம் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் சொல்ல வருவது டிங்கர் பெல் என்ற தேவதையைப் பற்றி.

அந்த வேடத்துக்கு ஆள் கிடையாது. அது வெறும் ஒளிப்பொட்டு. பக்கத்திரைக்குப் பின்னால் ஒருவர் சிறு கண்ணாடியைப் பிடித்து விளக்கொளியைத் திருப்பி விடுவார், அது சுவரிலும் படுக்கையிலும் ஓடும். நடிகைக்கு எதிரே நின்று பேசும் முக்கியத் துணைப்பாத்திரம் யாரோ ஒருவரின் மணிக்கட்டு அசைவு. நஞ்சு குடித்த டிங்கர் பெல்லின் ஒளி மங்கிக்கொண்டே போகும்போது, பீட்டர் மேடையின் முன்னால் வந்து தேவதைகளை நம்புகிறவர்கள் கை தட்டுங்கள் என்று கேட்பான். அரங்கம் தட்டும். ஒளி மெல்லத் திரும்பி வரும்.

இந்தக் காட்சியை விளக்குக்காரனின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். கை தட்டல் எந்த அளவுக்கு வந்ததும் ஒளியை ஏற்றத் தொடங்குவது? சீக்கிரம் ஏற்றினால் குழந்தைகளுக்குத் தாங்கள்தான் காப்பாற்றினோம் என்ற எண்ணம் வராது. தாமதித்தால் அழுதுவிடுவார்கள். நடிகையும் இருட்டில் நிற்கும் ஆளும் ஒரே மூச்சில் இயங்க வேண்டும். நானே ஒரு சிறுவர் நாடகத்தில் இதுபோன்ற இடத்தில், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உள்ளங்கை வியர்த்து நழுவியது. ஆடம்ஸ் இதை இரவுக்கு இரவு, வேறு வேறு ஊர்களில், வேறு வேறு மின் இணைப்புகளில் செய்தார்.

அந்த நாடகத்துக்காக எம்பயரில் முன்வளைவுக்கு (மேடை முகப்பில் இருக்கும் வளைவு) பின்னால் விளக்குகளுக்கென்றே ஒரு பாலம் கட்டினார்கள். அதன் மேல் ஆட்கள் நின்று மேலிருந்து ஒளியைச் செலுத்தினார்கள். அதுவரை முக்கிய வெளிச்சம் கீழிருந்து வரும், மேடை விளிம்பில் வரிசையாக இருக்கும் விளக்குகளிலிருந்து. முகத்தில் நிழல் தலைகீழாக விழும். பாசெட் ஜோன்ஸ் என்ற மின் பொறியாளரோடு சேர்ந்து ஆடம்ஸ் தன் நாடகங்களின் ஒளியைத் திட்டமிட்டார். நட்சத்திர நடிகை ஒருவர் விளக்குகளைத் திட்டமிடுவது வரை கவலைப்படுவது எனக்குப் பெரிய விஷயம்.

8 ஜூன்

டிக்கெட் விலை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு ஊரில் அரங்க உரிமையாளர், ஆடம்ஸ் பெயருக்குக் கூட்டம் தானாக வரும் என்று தெரிந்து கட்டணத்தை ஏற்றிவிட்டார். அதிகமாக வாங்கிய பணத்தை மக்களுக்குத் திருப்பித் தந்தால்தான் மேடை ஏறுவேன் என்று அவர் சொல்லித் தர வைத்ததாக ஒரு செய்தி தொடர்ந்து சொல்லப்பட்டு வருகிறது. தன் சம்பளத்திலிருந்து துணை நடிகர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார் என்பதும் அப்படியே.

11 ஜூன்

ஒரு நண்பர் உணர்ச்சிவசப்பட்டு “ஹாலிவுட்டின் விளக்கைக் கண்டுபிடித்தவர் மோட் ஆடம்ஸ்” என்று எழுதியிருக்கிறார். அவர்மேல் எனக்குள்ள மதிப்பில் சொல்கிறேன், இப்படி ஊதிவிட்டால் உண்மையான சாதனையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நடந்தது இது. 1918இல் கடுமையான இன்ஃபுளூயன்சா அவரைப் படுக்கையில் தள்ளியது. மேடையை விட்டார். 1920களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் ஷெனெக்டடி ஊரிலிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அது சாதாரண இடம் இல்லை. டங்ஸ்டனை முறியாத இழையாக இழுக்கும் வழியை வில்லியம் கூலிட்ஜ் கண்டதும், பல்புக்குள் வாயுவை நிரப்பி ஒளியைக் கூட்டும் வழியை 1913இல் இர்விங் லாங்மியூர் கண்டதும் அங்கேதான். ஆக, குண்டு பல்பின் அடிப்படை அவர் வருவதற்கு முன்பே தயார். அவர் கொண்டுவந்தது தேவையை. வண்ணத் திரைப்படம் எடுக்கிற அளவுக்குச் சக்திவாய்ந்த குண்டு பல்பு வேண்டும் என்று கேட்டு, அந்தச் சோதனைகளில் உடனிருந்து உழைத்தார்.

அது ஏன் முக்கியம்? அப்போது படப்பிடிப்புத் தளங்களில் எரிந்தவை கரிக்கோல் ஆர்க் விளக்குகள். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்தான். ஆனால் கரி எரிந்து குறையக் குறைய ஆள் பக்கத்தில் நின்று சரிசெய்ய வேண்டும். சாம்பல் விழும், புகையும், எப்போதும் ஒரு ரீங்காரம் இருக்கும். மௌனப் படங்களில் ரீங்காரத்தால் நஷ்டம் இல்லை. 1927க்குப் பிறகு ஒலிவாங்கி தளத்துக்குள் வந்ததும் அது பெரும் தொல்லையானது. சிவப்பையும் சரியாகப் பதியும் புதிய படச்சுருளும் அதே காலத்தில் பரவியது. குண்டு பல்பின் செம்மஞ்சள் ஒளி அதற்குப் பொருந்தியது. 1928இல் ஹாலிவுட்டில் குண்டு பல்புகளை வைத்துப் பெரிய அளவில் சோதனைகள் நடந்தன, ஸ்டுடியோக்கள் மாறின. ஷெனெக்டடியில் ஆடம்ஸ் தேடியதும் ஹாலிவுட் பின்னால் தேடியதும் ஒரே திசை. அவர் சில ஆண்டுகள் முன்னால் நடந்தார். இவ்வளவு சொன்னாலே போதும், இதுவே பெரிது.

ஐம்பது வயதை ஒட்டிய, உடல் நொந்த ஒரு நடிகை, எந்தப் பட்டமும் இல்லாமல் பொறியாளர்களின் நடுவே போய் உட்கார்ந்தார். நான் ஒத்திகையில் விளக்கு வைக்கும்போது “வெளிச்சம் தெரிந்தால் போதாதா” என்று நடிகர்கள் சலித்துக்கொள்வார்கள். அதனால்தான் இந்தப் பெண்மணியை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

11 ஜூன், பின்னிரவு

மேலே சேர்க்க வேண்டியது. அவர் எடுக்க நினைத்த படங்களில் ஒன்று கிப்ளிங்கின் ‘கிம்’. இந்திய மண்ணின் கதை, அதை வண்ணத்தில் பார்க்க ஆசைப்பட்டார். நடக்கவில்லை. ஆனால் 1925இல் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் மண்பாண்டம் வனைபவரைப் பற்றி ஒரு சிறு படம் எடுத்தார். அதற்குப் பணம் கொடுத்தவர் ஆடம்ஸ்.

15 ஜூன்

ஃப்ரோமனைப் பற்றி மறுபடியும் யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் குறிப்பில் அவரை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுப் பேசினேன். அப்படி ஒதுக்கக்கூடிய ஆள் இல்லை.

1896இல் ஃப்ரோமன், கிளா, எர்லாங்கர் உள்ளிட்ட ஆறு பேர் சேர்ந்து நாடகக் கூட்டணி ஒன்றை அமைத்தார்கள். நாட்டின் முக்கிய அரங்குகளில் எந்தக் குழு எந்த வாரம் ஆடுவது என்பது அவர்கள் கையில் போனது. ஒத்துப்போகாதவர்களுக்கு அரங்கு கிடைக்காது. மின்னி மேடர்ன் ஃபிஸ்க் என்ற அருமையான நடிகை அடிபணிய மறுத்து, மூன்றாந்தர மண்டபங்களிலெல்லாம் நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகங்களை நடித்துக் காட்டினார். அதே ஆண்டுகளில் ஆடம்ஸுக்கு நல்ல அரங்கு, நல்ல ரயில் வசதி, முன்கூட்டியே விற்ற டிக்கெட். அவருடைய விளக்குப் பாலத்துக்கான பணமும் அந்த ஏகபோகத்திலிருந்து வந்ததுதான். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக ஃபிஸ்கை வீராங்கனையாகவும் ஆடம்ஸைக் கோழையாகவும் நிறுத்திவிட முடியாது. 1919 ஆகஸ்டில் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது, சங்கத்துக்கு எதிராக முதலாளிகள் பக்கம் நின்ற அமைப்பில் இருந்தவர் அதே ஃபிஸ்க். மனிதர்களை ஒரே முடிவை வைத்து எடைபோட முடியாது என்பதற்கு இவர்கள் இருவரையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆடம்ஸ் பேட்டி கொடுக்காததும் ஃப்ரோமன் வகுத்த வியாபாரத் தந்திரம் என்பார்கள். நடிகையின் சொந்த வாழ்க்கை தெரியாமல் இருந்தால் ரசிகர்களுக்கு மர்மம் கூடும் என்று அவர் நம்பியது உண்மை. ஆனால் ஃப்ரோமன் இறந்து 38 ஆண்டுகள் ஆடம்ஸ் வாழ்ந்தார். அத்தனை காலமும் அதே மௌனம். தந்திரமாக இருந்திருந்தால் தந்திரக்காரர் போன பிறகு கலைந்திருக்கும்.

16 ஜூன்

ஹார்வர்ட் விளையாட்டரங்கைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1909 ஜூன் 22. ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் நாடகத்தில், பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் வேடம். ஹார்வர்டின் ஜெர்மானிய அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்ட ஒரே ஓர் இரவு. பார்வையாளர்கள் சுமார் 15,000 பேர், மேடையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துணை நடிகர்கள். கவசம் பூண்டு குதிரை மேல் வந்தார். முழு நிகழ்ச்சிக்கும் பொறுப்பு அவர் தலையில். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்தவெளியில் இத்தனை பேருக்கு முன்னால்!

அல்ஃபோன்ஸ் முகா அதற்காக வரைந்த ஆடம்ஸின் ஓவியம் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆள் உயரத்தையும் தாண்டியது. பூக்களின் நடுவே, இன்னும் போருக்குப் போகாத கிராமத்துப் பெண்ணாக நிற்கிறார். எனக்கு அவரைப் பற்றிய படங்களில் அதுதான் பிடித்தது.

இதன் பிறகு 1911இல் ரோஸ்டாண்டின் ‘சான்டிக்ளேர்’. முழுக்க இறகு வேடம், அவர் சேவல். தான் கூவுவதால்தான் சூரியன் உதிக்கிறது என்று நம்பும் சேவல். இந்த வேடத்துக்குச் சிறிய உருவப் பெண் எப்படிப் பொருந்துவார் என்று பலர் முகம் சுளித்தார்கள். தான் போட்டவற்றில் தனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று அவர் கருதியதாகச் சொல்கிறார்கள். விடியல் வெளிச்சத்தைச் சுற்றியே எழுதப்பட்ட நாடகம் அவருக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

19 ஜூன்

லூயிஸ் பாய்ன்டன் என்ற பெண்ணுக்கும் ஆடம்ஸுக்கும் என்ன உறவு என்று இருவர் காரசாரமாக மோதிக்கொண்டிருக்கிறீர்கள். தெரிந்ததை மட்டும் வைக்கிறேன். ஆடம்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. பாய்ன்டன் அவருடைய செயலாளராக வந்து 1905 வாக்கில் தொடங்கி 1951இல் இறக்கும் வரை உடன் வாழ்ந்தார். லாங் ஐலண்டின் ரான்கான்கோமாவில் ஆடம்ஸ் தன் பெரிய பண்ணையை 1922இல் செனக்கிள் கன்னியாஸ்திரிகளுக்குத் தானமாகக் கொடுத்தார், தான் கத்தோலிக்கராக மாறாமலேயே. இன்று இருவரும் அந்த மடத்தின் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அந்த உறவுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர்கள் இருவரும் ஊருக்குச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட துணையை வாழ்க்கை வரலாறுகளில் “செயலாளர்” என்று ஒரு வரியில் கடந்துபோவதும் தவறு, நாம் இங்கே உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவதும் தவறு. அடுத்த தலைப்புக்குப் போகலாம்.

24 ஜூன்

“மீண்டும் நடிக்கவே இல்லையா?” நடித்தார். 13 ஆண்டுகள் கழித்து, 1931இல் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில், ஓட்டிஸ் ஸ்கின்னரின் ஷைலக்குக்கு எதிரே போர்ஷியாவாக வந்தார். 1934 கோடையில் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் மரியா. கதாநாயகியின் வேடம் இல்லை, சுறுசுறுப்பான பணிப்பெண். 61 வயதில் அந்த வேடத்தை விரும்பி எடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

1937இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா ஊரில் உள்ள ஸ்டீபன்ஸ் பெண்கள் கல்லூரிக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கப் போனார். நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயை ஆண்டவர் நாட்டின் நடுவில் ஒரு சிறிய கல்லூரியில் பதினெட்டு வயதுப் பெண்களுக்கு உச்சரிப்பும் நிற்கும் முறையும் திருத்திக்கொண்டிருந்தார். என் அம்மா பள்ளி ஆசிரியை. இதைச் சொன்னபோது “அப்படியானால் அவர் வேலையை விடவே இல்லையே” என்றார். எனக்கும் அதே எண்ணம். கேள்வி கேட்ட நண்பர் 1918க்குப் பிறகு காணாமல் போனார் என்கிறார். காணாமல் போனது பார்வையாளர்களின் கண்ணுக்குத்தான்.

24 ஜூன், சற்று நேரம் கழித்து

1953 ஜூலை 17 அன்று நியூயார்க் மாநிலத்தின் டானர்ஸ்வில்லில் இறந்தார், வயது 80. எம்பயர் அரங்கின் கடைசிக் காட்சி அதே ஆண்டு மே மாத இறுதியில் முடிந்து, கட்டடத்தை இடித்தார்கள். சால்ட் லேக் சிட்டியின் பழைய நாடக அரங்கு அதற்கு முன்பே, 1928இல் போய்விட்டது. அவர் நின்ற அந்த இரண்டு அரங்குகளின் பலகைகளும் மிஞ்சவில்லை என்று எழுதும்போது கோபமாகவே இருக்கிறது. நடிப்பைப் பதிவு செய்ய முடியாத காலம் என்றால் கட்டடத்தையாவது விட்டுவைத்திருக்கலாம்.

29 ஜூன்

அசையும் படம் ஏதாவது உண்டா என்று கேட்டவர்களுக்கு. வெளியான திரைப்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. 1938இல் ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கின் ஒரு படத்துக்காகச் சோதனைப் படப்பிடிப்பில் கலந்துகொண்டார், அது பிழைத்திருக்கிறது. வேடம் கடைசியில் மின்னி டுப்ரீக்குப் போனது. பார்க்கிறவர்கள் அதில் 1905இன் பீட்டரைத் தேட வேண்டாம். 65 வயது மூதாட்டி, பழக்கமில்லாத காமிரா. ஆனால் அவர் முகத்தில் விழும் ஒளியைக் கவனியுங்கள். ஹாலிவுட் தளங்களில் குண்டு பல்புகள் குடியேறி அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எம்பயரின் விளக்குப் பாலத்தின் வரைபடமோ, பாசெட் ஜோன்ஸ் மேடை ஒளியைப் பற்றி எழுதிய கட்டுரைகளோ யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். எங்கள் குழு அடுத்து எடுக்கப்போவது சிறுவர் நாடகம். மண்டபத்தில் முன்வளைவுக்குப் பின்னால் ஒரு சாரம் கட்ட இடம் இருக்கிறது, தச்சரிடம் காட்ட எனக்கு அளவுகள் வேண்டும்.